ஃபோர்டா, செவியா, ரேமா, டண்ட்ராவா? முதலில் கதவைத் திறந்து ஸ்டிக்கரைப் படியுங்கள்

நம்மூரில் டாட்டா ஏஸைக் குட்டியானை என்போம். முக்கால் டன் ஏற்றலாம் என்பது கம்பெனிக் கணக்கு; எவ்வளவு ஏற்றுகிறார்கள் என்பது வேறு கதை. ஹூஸ்டன் புறநகரில் ஒரு டீலரிடம், எழுபத்திரண்டாயிரம் டாலர் விலை ஒட்டி நின்ற ஒரு பிக்கப் ட்ரக்கின் கதவைத் திறந்து அதன் எடைக் கணக்கைப் படித்தேன். ஆட்களும் சாமானும் சேர்ந்து 658 கிலோவைத் தாண்டக் கூடாது என்று போட்டிருந்தது. குட்டியானையைவிட அவ்வளவு பெரிதாக நிற்கிற வண்டி, ஒரு குட்டியானை சுமப்பதைக்கூடச் சுமக்காது.

கூட வந்த நண்பருக்கு முகம் விழுந்துவிட்டது. "என்னண்ணே, பதினோராயிரம் பவுண்டு இழுக்கும்னு இப்பத்தானே அந்த ஆளு சொன்னாரு?" என்றார். சேல்ஸ்மேன் பொய் சொல்லவில்லை. இழுப்பது வேறு, சுமப்பது வேறு. இந்த ஒன்று புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

டெக்சாஸுக்குப் புதிதாக வந்து ட்ரக் வாங்க நினைக்கிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "எந்த பிராண்டு நல்லது?" இங்கே அது நம்மூரில் ரஜினியா கமலா என்று கேட்பது மாதிரி. அப்பா செவி (செவ்ரலே) ஓட்டினார், அதனால் நானும் செவி என்று மூன்று தலைமுறையாக இருக்கும் வீடுகள் உண்டு. ஃபோர்டு என்ற பெயருக்கே 'ஃபிக்ஸ் ஆர் ரிப்பேர் டெய்லி' என்று விரிவாக்கம் சொல்லிச் சிரிப்பார்கள். நமக்கு அந்தப் பாரம்பரியச் சண்டை எதற்கு? ஒரே பிராண்டின் இரண்டு வண்டிகளுக்கு நடுவே இருக்கிற வித்தியாசம், பிராண்டுக்கும் பிராண்டுக்கும் நடுவே இருப்பதைவிடப் பெரிது. அதனால் கீழே சொல்லும் வரிசையில் போங்கள். பிராண்டு பிறகு தானாக வரும்.

கடைக்குப் போகும் முன் ஒரு தாளை எடுங்கள்

வண்டியில் யார் யார் ஏறுவார்கள், என்ன ஏற்றுவீர்கள், பின்னால் எதை இழுப்பீர்கள், வருஷத்துக்கு எத்தனை தடவை. இவ்வளவுதான். நேர்மையாக எழுதுங்கள். வருஷத்துக்கு இரண்டு முறை ஒரு சோபாவும் கொஞ்சம் மரப்பலகையும் ஏற்றத்தான் என்றால், ஹோம் டிப்போ என்ற கட்டடச் சாமான் கடையில் ட்ரக்கை மணிக்கணக்கு வாடகைக்கு எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். அடிக்கடி தேவை, ஆனால் எடை அதிகமில்லை என்றால் டகோமா, ரேஞ்சர், கொலராடோ போன்ற நடுத்தர அளவு ட்ரக்குகள் போதும். அவற்றை பார்க்கிங்கில் நிறுத்துவதும் சுலபம்.

பெரிய டிரெய்லர், படகு, கட்டட வேலை என்றால்தான் முழு அளவு ட்ரக். ஆசைக்காக வாங்குவதும் ஒரு காரணம்தான், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதையும் தாளில் 'ஆசை' என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

களத்தில் யார் யார்

ஃபோர்டு எஃப்-150, செவ்ரலே சில்வராடோ 1500, ஜிஎம்சி சியேரா 1500, ரேம் 1500, டொயோட்டா டண்ட்ரா. ஐந்து பெயர், நான்கு கம்பெனி. சில்வராடோவும் சியேராவும் ஜெனரல் மோட்டார்ஸ் வீட்டு இரட்டைப் பிள்ளைகள். நிஸ்ஸான் டைட்டன் 2024-ஓடு நின்றுபோனது; பழைய வண்டிச் சந்தையில் மட்டும் கிடைக்கும்.

இந்த ஐந்தையும் 'ஹாஃப் டன்' என்பார்கள். ஒரு காலத்தில் அரை டன் சுமந்ததால் வந்த பெயர். இன்றைய சுமைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 250, 2500 என்று முடிந்தால் முக்கால் டன் வகை. 350, 3500 என்றால் ஒரு டன் வகை. அவை வேறு உலகம், இந்தக் கட்டுரையில் வேண்டாம்.

"டொயோட்டா ஹைலக்ஸ் ட்ரக் ஏன் இங்கே இல்லை?" என்று வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள் கட்டாயம் கேட்பார்கள். காரணம் கோழி. 1960-களில் பிரான்சும் மேற்கு ஜெர்மனியும் அமெரிக்கக் கோழிக்கறிக்கு வரி போட்டன. பதிலுக்கு ஜனாதிபதி ஜான்சன், இறக்குமதியாகும் சிறு ட்ரக்குகள் மீது 25 சதவீத வரி போட்டார். 1964-ல் அமலுக்கு வந்த வரி, கோழிச் சண்டை முடிந்தும் போகவில்லை. டொயோட்டா சான் அன்டோனியோவில் ஆலை வைத்து டண்ட்ரா செய்வதன் பின்னால் இந்தக் கதையும் இருக்கிறது.

இனி ஒவ்வொன்றையும் பற்றி என் கருத்து. ஒத்துப்போக வேண்டும் என்று கட்டாயமில்லை.

ஃபோர்டு எஃப் வரிசை 1977 முதல் அமெரிக்காவில் அதிகம் விற்கும் ட்ரக். 2015 மாடலிலிருந்து எஃப்-150-க்கு அலுமினிய பாடி, அடிச்சட்டம் இரும்புதான். மிச்சிகன், ஒஹாயோ பக்கம் பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவுவார்கள், அங்கே இது பெரிய நிம்மதி. ஆனால் ஒடுக்கு விழுந்தால் எல்லா ஒர்க்‌ஷாப்பிலும் அலுமினிய வேலை பார்க்க மாட்டார்கள். எஞ்சின் தேர்வு இதில் தாராளம்: 2.7 லிட்டர் டர்போ, 5 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர்), 3.5 லிட்டர் டர்போ, 3.5 லிட்டர் ஹைபிரிட். அந்த ஹைபிரிட்டைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். அதன் பெட்டில், அதாவது பின்னால் திறந்திருக்கும் சரக்குப் பகுதியில், வீட்டு பிளக் பாயின்ட் இருக்கும், சாதாரணமாக 2.4 கிலோவாட், கூடுதல் காசு கொடுத்தால் 7.2 கிலோவாட். 2024 ஜூலையில் பெரில் புயல் அடித்து ஹூஸ்டனில் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்குக் கரண்ட் போனபோது, பக்கத்து வீட்டுக்காரர் இந்த ட்ரக்கிலிருந்து ஒயர் இழுத்து எங்கள் ஃப்ரிட்ஜுக்கும் கொடுத்தார். இட்லி மாவு பிழைத்தது. அன்றிலிருந்து என் மனைவிக்கு ஃபோர்டு ஹைபிரிட்தான் உலகின் சிறந்த ட்ரக். புயல் பாதைக்குள் வீடு இருந்தால் அது பொருட்படுத்த வேண்டிய வாதம்தான்.

சில்வராடோவும் சியேராவும் பழைய பாணி. இரும்பு பெட். 2016-ல் செவ்ரலே ஒரு விளம்பரம் போட்டது: ஃபோர்டின் அலுமினிய பெட்டிலும் தன் இரும்பு பெட்டிலும் கற்களைக் கொட்டி, எது ஓட்டையாகிறது பார் என்று. டர்போ வேண்டாம், சாதாரண வி8 போதும் என்பவர்களுக்கு 5.3 லிட்டர் எஞ்சின். நெடுஞ்சாலையில் நிறைய ஓட்டுகிறவர்களுக்கு 3 லிட்டர் டீசல். இந்த அளவு ட்ரக்கில் டீசல் வேண்டுமென்றால் புது வண்டியாக இவர்களிடம்தான் வரவேண்டும். பின்பக்க பம்பரின் இரு மூலையிலும் கால் வைத்து ஏற ஒரு பள்ளம் விட்டிருக்கிறார்கள். சின்ன விஷயம், ஆனால் நம் உயரத்துக்குப் பெரிய உதவி. சியேரா என்பது அதே வண்டிதான், நகை போட்டது.

இதில் ஒரு வேடிக்கை. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் பரம எதிரிகள் என்று ரசிகர்கள் அடித்துக்கொள்கிறார்கள். எஃப்-150-லும் சில்வராடோவிலும் இருக்கும் 10 கியர் ஆட்டோமேட்டிக்கை இரண்டு கம்பெனியும் சேர்ந்துதான் வடிவமைத்தன.

ரேம் ஓட்டுவதற்கு கார் மாதிரி. மற்றவர்கள் பின்னால் லாரி மாதிரி பட்டை ஸ்பிரிங் வைத்திருந்த காலத்தில், 2009 மாடலிலேயே இவர்கள் காயில் ஸ்பிரிங்குக்கு மாறிவிட்டார்கள். வெறும் வண்டியாக ஆபீஸ் போய்வருகிறவருக்கு முதுகு நன்றி சொல்லும். உள் அலங்காரமும் நன்றாக இருக்கும். 2025 மாடலில் புகழ்பெற்ற ஹெமி வி8-ஐ எடுத்துவிட்டு 3 லிட்டர் இரட்டை டர்போ ஆறு சிலிண்டரை வைத்தார்கள். வாடிக்கையாளர்கள் கூச்சல் போட, 2026-ல் ஹெமி திரும்பி வந்தது. அதே 2026 மாடல்களுக்கு எஞ்சின், கியர்பாக்ஸுக்குப் பத்து வருஷம் அல்லது ஒரு லட்சம் மைல் வாரண்டி அறிவித்திருக்கிறார்கள்.

டண்ட்ரா, நம் ஆட்களின் முதல் ஆசை. "கேம்ரி பதினைந்து வருஷம் ஓடுச்சு, அதே கம்பெனி" என்பது வாதம். ஆனால் 2022-ல் வந்த புது டண்ட்ராவில் பழைய 5.7 லிட்டர் வி8 இல்லை, 3.4 லிட்டர் இரட்டை டர்போ வி6, அதோடு ஒரு ஹைபிரிட். பழைய எஞ்சின் சம்பாதித்த பெயரைப் புது எஞ்சினுக்கு அப்படியே தூக்கிக் கொடுக்காதீர்கள். இதன் பெட் இரும்புமில்லை, அலுமினியமுமில்லை, ஒரு கலவைப் பிளாஸ்டிக். துரு என்ற பேச்சே இல்லை. பின்னால் காயில் ஸ்பிரிங், உள்ளே தாராளமான பின்சீட்.

பெயர்க் குழப்பத்தை நேராக்குங்கள்

ஒப்பிடும்போது ஒரே வகையை ஒரே வகையோடு வையுங்கள். நான்கு முழுக் கதவு கேபினை ஃபோர்டு சூப்பர் க்ரூ என்கிறது, செவியும் ரேமும் க்ரூ கேப், டொயோட்டா க்ரூ மேக்ஸ். குழந்தைகள் இருந்தால் இது மட்டும்தான் பார்க்கவேண்டியது. டபுள் கேப், குவாட் கேப், சூப்பர் கேப் எல்லாம் பின்சீட் ஒடுங்கியவை. சூப்பர் கேபில் பின்கதவு எதிர்ப்பக்கமாகத் திறக்கும்.

அடுத்து பெட். ஏறக்குறைய ஐந்தரை அடி, ஆறரை அடி, எட்டடி என்று மூன்று நீளம். நான்குக்கு எட்டு பிளைவுட் பலகை ஐந்திலுமே சக்கர மேடுகளுக்கு நடுவே படுக்கும். ஐந்தரை, ஆறரை அடியில் பின்கதவைத் திறந்து வைத்து நீட்டவேண்டும், அவ்வளவுதான்.

பிறகு டிரிம், அதாவது ஒரே மாடலின் வசதிப் படிகள். எக்ஸ்எல் முதல் பிளாட்டினம் வரை ஃபோர்டில். டபிள்யூடி முதல் ஹை கன்ட்ரி வரை செவியில். டிரேட்ஸ்மேன் முதல் டங்ஸ்டன் வரை ரேமில். எஸ்ஆர் முதல் கேப்ஸ்டோன் வரை டண்ட்ராவில். நாற்பதாயிரம் டாலரை ஒட்டித் தொடங்கி எண்பதாயிரத்தைத் தாண்டும். டெக்சாஸ்காரர்களை மயக்கத் தனிப் பெயர்கள் வேறு: ஃபோர்டில் கிங் ராஞ்ச், ரேமில் லோன் ஸ்டார், டண்ட்ராவில் 1794, அதாவது சான் அன்டோனியோ ஆலை நிற்கும் நிலத்தில் பண்ணை தொடங்கிய வருஷம். மயங்குங்கள், தப்பில்லை. ஆனால் டிரிம் ஏற ஏறக் கண்ணாடிக் கூரை, மின்சாரப் படிக்கட்டு, இருபது அங்குலச் சக்கரம் எல்லாம் சேர்ந்து வண்டியின் எடை கூடும். வண்டியின் எடை கூடினால் நீங்கள் ஏற்றக்கூடியது குறையும்.

மஞ்சள் ஸ்டிக்கர்

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் மஞ்சள் வெள்ளையில் ஒரு டயர் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதில் 'ஆட்கள், சரக்கு இரண்டும் சேர்ந்த எடை இதைத் தாண்டக் கூடாது' என்று கிலோவிலும் பவுண்டிலும் ஒரு எண். அந்தக் குறிப்பிட்ட வண்டிக்கு ஆலையில் போட்ட எண் அது. விளம்பரத்தில் வரும் எண் அந்தக் குடும்பத்திலேயே அதிகம் சுமக்கும் வண்டியினுடையது; அந்த வண்டி உங்கள் டீலரிடம் இருக்காது.

நண்பர் வீட்டுக் கணக்கை அன்று போன் கால்குலேட்டரில் போட்டோம். அவர் வாங்க ஆசைப்பட்ட கேம்பர் டிரெய்லர் (இழுத்துப்போகும் சின்ன வீடு), சாமான் ஏற்றினால் 6,500 பவுண்டு. இழுக்கும் டிரெய்லரின் எடையில் பத்து முதல் பதினைந்து சதவீதம் ட்ரக்கின் கொக்கியில் கீழ்நோக்கி அழுத்தும். 13 சதவீதம் வைத்தால் 845. கொக்கிச் சாமான் 90. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் 440. கூலர், சைக்கிள், சின்ன ஜெனரேட்டர் 200. மொத்தம் 1,575 பவுண்டு. ஸ்டிக்கரில் 1,450, அதாவது அந்த 658 கிலோ.

"ஊர்லேர்ந்து மாமனார் மாமியார் வந்தா?" என்றேன். இன்னும் 290 கூடி, 1,865. நண்பர் சிரித்துவிட்டார், மாமியாரைக் கழிக்க வழியில்லை.

அதே வரிசையில் நான்கு வண்டி தள்ளி, அதே பிராண்டு, அதே எஞ்சின், இரண்டு படி கீழே உள்ள டிரிம் நின்றது. துணி சீட், கண்ணாடிக் கூரை இல்லை. ஸ்டிக்கரில் 1,910. மாமியாருக்கும் இடம் இருந்தது. விலை பதினைந்தாயிரம் குறைவு.

கவனம்: ஓட்டுநரின் எடையும் இந்தக் கணக்கில் சேர்த்தி. "டிரைவர் எடை ஏற்கெனவே கழிச்சாச்சு" என்று ஒரு சேல்ஸ்மேன் என்னிடம் அடித்துச் சொன்னார். தப்பு. இழுக்கும் கணக்கில்தான் இரண்டு ஆள் எடை உள்ளடக்கம், சுமக்கும் கணக்கில் இல்லை. இழுப்பதற்கு இன்னொன்றும் பாருங்கள்: ஆக்சில் விகிதம், அதாவது சக்கர அச்சில் இருக்கும் கியர் விகிதம். ஒரே எஞ்சின், 3.21 விகிதத்துக்கு ஒரு இழுவை எடை, 3.92-க்கு வேறு எடை. விகிதம் பெரிதானால் இழுவை கூடும், மைலேஜ் கொஞ்சம் குறையும்.

டேப்பை எடுத்து கராஜை அளங்கள்

க்ரூ கேப், ஐந்தரை அடி பெட் என்றால் எந்த பிராண்டாக இருந்தாலும் 232 முதல் 234 அங்குல நீளம். புறநகர் வீட்டுக் கராஜ் பெரும்பாலும் இருபது அடி, அதாவது 240 அங்குலம். உள்ளே போகும், ஆனால் முன்னால் ஒரு அரிசி மூட்டை வைக்க இடம் இருக்காது. ஆறரை அடி பெட் எடுத்தால் 240-ஐத் தாண்டிவிடும், கதவு மூடாது. சில குடியிருப்புச் சங்கங்கள் வெளியே ட்ரக் நிறுத்த விடுவதில்லை, அந்த விதியையும் படித்துவிடுங்கள்.

ஓட்டிப் பார்க்கும் நாள்

இரண்டு அல்லது மூன்று பிராண்டுகளை ஒரே நாளில் ஓட்டுங்கள், முடிந்தால் ஒரே சாலையில். மறுவாரம் ஓட்டினால் முதலாவது மறந்துபோகும். ரயில்வே கிராசிங் ஒன்றைக் கடந்து பாருங்கள். பட்டை ஸ்பிரிங் வண்டி வெறுமையாக இருக்கும்போது பின்னால் குதிக்கும், காயில் ஸ்பிரிங் அவ்வளவு குதிக்காது. பின்சீட்டில் வயதானவர் ஒருவரை ஏற்றி இறக்கிப் பாருங்கள். புடவையோடு ஏற முடிகிறதா என்பது எந்த விமர்சனத்திலும் வராது. கூட்டமான கடை பார்க்கிங்கில் ரிவர்ஸ் எடுத்துப் பாருங்கள். அதில் வியர்த்தால் தினமும் வியர்க்கும்.

ரீகால்: யாரும் யோக்கியமில்லை

2024-ல் டொயோட்டா, 2022, 2023 டண்ட்ரா உட்பட ஏறக்குறைய ஒரு லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. தயாரிப்பின்போது எஞ்சினுக்குள் தங்கிப்போன உலோகத் துகள் காரணம். 2025 ஏப்ரலில் ஜெனரல் மோட்டார்ஸ், 6.2 லிட்டர் வி8 போட்ட ஏறக்குறைய ஆறு லட்சம் வண்டிகளை அழைத்தது. கிராங்க் ஷாஃப்ட், கனெக்டிங் ராடு கோளாறு. 2025-ல் அமெரிக்காவிலேயே அதிக ரீகால் அறிவித்தது ஃபோர்டு. ஆகவே 'இந்த பிராண்டில் பிரச்சினையே வராது' என்பவரை நம்பாதீர்கள். நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறையின் தளத்தில் வண்டியின் 17 இலக்க அடையாள எண்ணை, அதாவது விஐஎன் எண்ணைப் போட்டால் நிலுவையில் உள்ள ரீகால் தெரிந்துவிடும். பழைய வண்டி வாங்குகிறவர்கள் இதைச் செய்யாமல் அட்வான்ஸ் கொடுக்கவே கூடாது.

அந்த விஐஎன் எண்ணின் முதல் இலக்கத்தையும் பாருங்கள். சில்வராடோ இந்தியானாவிலும் கனடாவிலும் மெக்சிகோவிலும் தயாராகிறது. 1, 4, 5 என்றால் அமெரிக்கா, 2 கனடா, 3 மெக்சிகோ. பெருமைக்காக அல்ல. 2025 முதல் 2028 வரை, அமெரிக்காவில் கடைசியாகப் பூட்டப்பட்ட புது வண்டியைச் சொந்த உபயோகத்துக்குக் கடனில் வாங்கினால், ஆண்டுக்கு 10,000 டாலர் வரை வட்டியை வரிக்குரிய வருமானத்தில் கழிக்கலாம். வருமான வரம்பு உண்டு, உங்கள் கணக்கரைக் கேளுங்கள்.

காசு பேசும் இடம்

டெக்சாஸில் இந்தக் கம்பெனிகள் நேரடியாக விற்க முடியாது, டீலர் வழியாகத்தான். மூன்று டீலர்களுக்கு ஈமெயிலில் 'அவுட் த டோர்' விலை கேளுங்கள்: வண்டி, 6.25 சதவீத மாநில வரி, பதிவு, ஆவணக் கட்டணம் எல்லாம் சேர்ந்த கடைசி எண். எழுத்தில் வராத விலைக்காக வண்டி எடுத்துக்கொண்டு போகாதீர்கள். எனக்கு ஒரு டீலர் எழுத்திலேயே கொடுத்துவிட்டு, கையெழுத்து மேஜையில் 2,995 டாலர் சேர்த்திருந்தார்: டயரில் நைட்ரஜன் காற்று, கண்ணாடியில் நம்பர் செதுக்கியது, பெயின்ட் பாதுகாப்பு. எடுத்துவிடச் சொன்னேன். முடியாது, ஏற்கெனவே போட்டாயிற்று என்றார். எழுந்து வந்துவிட்டேன். கார் நிறுத்திய இடத்துக்கு வருவதற்குள் போன் வந்தது.

நாட்டுக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகாதவர்களுக்குக் கிரெடிட் வரலாறு இருக்காது. டீலர் சொல்லும் வட்டி தலைசுற்ற வைக்கும். முதலில் கிரெடிட் யூனியனில் (நம்மூர்க் கூட்டுறவு வங்கி மாதிரி) கேட்டு, ஒப்புதல் கடிதத்தோடு போங்கள். பல இடங்களில் கேட்டால் ஸ்கோர் விழுமே என்று பயம் வேண்டாம். இரண்டு வாரத்துக்குள் கேட்கும் கார் கடன் விசாரணைகள் ஒன்றாகத்தான் கணக்காகும். 84 மாதத் தவணை என்று மாதத் தொகையைச் சின்னதாகக் காட்டுவார்கள், அந்தக் கணக்கில் மாட்டாதீர்கள். இன்சூரன்ஸையும் விஐஎன் எண்ணை வைத்து முன்பே கேட்டுவிடுங்கள்.

வண்டி எடுக்கும் நாளில், 2025 ஜூலையிலிருந்து டெக்சாஸில் காகித நம்பர் பிளேட் கிடையாது. டீலரே உலோக பிளேட் கொடுக்கவேண்டும். மஞ்சள் ஸ்டிக்கரை ஒரு போட்டோ எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நீண்ட பயணத்தன்று, எல்லோரும் ஏறி, டிரெய்லரும் மாட்டியபின், நெடுஞ்சாலையோர ட்ரக் நிறுத்தத்தில் உள்ள எடை மேடைக்குப் போங்கள். பதினைந்து டாலரை ஒட்டித்தான் வாங்குவார்கள். முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் என்று தனித்தனியாக எடை போட்ட சீட்டு கையில் வரும். நண்பர் அப்படித்தான் போனார். ட்ரக்குக்கு அனுமதித்த மொத்த எடையைவிட 60 பவுண்டு அதிகம். கூலர் பெட்டியில் இருந்த தண்ணீர் பாட்டில்களை டிரெய்லரின் பின்பக்கம் மாற்றி வைத்து, மறுபடியும் மேடை ஏறிவிட்டுத்தான் கால்வெஸ்டன் கடற்கரைப் பக்கம் திரும்பினார்.